அண்ணாச்சி பதில்கள்: சும்மா கிடக்கிற இடம்

கேள்வி: அண்ணாச்சி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். எங்கள் ஊர்க் குளத்தின் தென்கரை பல வருஷமாகச் சும்மா கிடக்கிறது. தாழையும் கோரையும் முள்ளுமாகப் பார்க்கவே பயமாக இருக்கும். இப்போது கரையைச் சுற்றி நடைபாதை, எல்இடி விளக்கு, கிரானைட் பெஞ்ச், ஊஞ்சல் எல்லாம் வைத்துப் பூங்கா ஆக்கத் திட்டம் வந்திருக்கிறது. நானும் ஆதரவாகக் கையெழுத்துப் போட்டேன். எனக்குச் சர்க்கரை. டாக்டர் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்கிறார், ரோட்டில் நடந்தால் டிப்பர் லாரி ஏற்றிவிடும். ஆனால் தாவரவியல் படித்த என் மருமகள் அந்தத் திட்டத்தை எதிர்த்து மனு கொடுத்திருக்கிறாள். வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சில்லை. யார் சொல்வது சரி?
(சுசீந்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மருமகள் சொல்வதுதான் சரி சார். என் மேல் கோபப்பட்டுக்கொள்ளுங்கள், அவரிடம் பேசிவிடுங்கள்.

'சும்மா கிடக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு அந்தத் தென்கரையில் போய் அரை மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். ராத்திரி முழுக்க மீன் பிடித்த வக்கா தாழைக்குள் தூங்க வரும். நீலத் தாழைக்கோழி கோரைக் குருத்தைப் பிடுங்கி, நாம் முருங்கைக்காயைப் பிடிப்பது போல ஒரு காலால் பிடித்துக்கொண்டு கடித்துத் தின்னும். தாமரை இலை மேல் நீண்ட விரலை விரித்து இலைக்கோழி நடக்கும். அந்த இலையில்தான் அதற்குக் கூடும். அதில் ஆண்தான் அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும், பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். (இதை வீட்டில் சத்தமாக வாசிக்க வேண்டாம்.)

சரி, பூங்கா வந்தால் பறவை வராதா என்று கேட்பீர்கள். பறவைக்கு வேண்டியது குளத்து நடுவில் இருக்கிற ஆழத் தண்ணீர் மட்டும் இல்லை, கணுக்கால் ஆழத்தில் சேறும் புல்லுமாகச் சரிந்து வருகிற ஓரம்தான் அதில் பாதிக்குச் சோறு போடுகிறது. நத்தை, தவளை, மீன்குஞ்சு எல்லாம் அங்கேதான். அழகுபடுத்துகிறோம் என்று ஆரம்பித்தால் முதலில் அந்த ஓரத்தைத்தான் வழித்தெடுத்துவிட்டுக் கருங்கல் பதிப்பார்கள். அப்படிக் கல் பதித்த ஒரு குளத்தில் போன ஆடி மாதம் ஓர் ஆமையைப் பார்த்தேன். கரையேற முயற்சி செய்துகொண்டிருந்தது. சிமென்ட் சரிவில் முன்னங்காலை வைக்கும், ஒரு சாண் ஏறும், நகம் வழுக்கித் தொளுக்கென்று தண்ணீரில் விழும். மறுபடி வேறு இடத்தில் ஏறிப் பார்க்கும். அது முட்டையிட மண்ணுக்கு வந்தாக வேண்டும், அங்கே மண்ணே இல்லை. கடைசியில் நான்தான் அதைத் தூக்கி மறுகால் பக்கம் கொண்டுபோய் விட்டேன், ஆனால் குளத்தில் இருக்கிற ஆமையெல்லாம் என்னை நம்பியா இருக்கிறது?

விளக்கு இன்னொரு வம்பு. ராத்திரி இரை தேடுகிற வக்காவுக்கும் ஆந்தைக்கும் இருட்டுதான் பட்டறை. எல்இடி போட்டால் பூச்சியெல்லாம் விளக்கைச் சுற்றிச் சுற்றியே சாகும். மின்மினி ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிப்பதே அந்தக் குட்டி வெளிச்சத்தை வைத்துத்தான், பெரிய வெளிச்சத்தில் அது எப்படித் தெரியும்.

அப்புறம் விவசாயக் கணக்கு ஒன்று இருக்கிறது, நாஞ்சில்நாட்டுக்காரரான உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நடைபாதைக்கு அகலம் எங்கிருந்து வரும்? வெளிப்பக்கம் வயலோ வீடோ இருக்கும், யாரும் விட்டுத்தர மாட்டார்கள். அதனால் குளத்துக்கு உள்ளே மண்ணை அடித்துத்தான் அகலம் எடுப்பார்கள். எட்டடி அகலத்துக்குச் சுற்றுக் கரை முழுக்க மண் அடித்தால் எவ்வளவு தண்ணீர் குறையும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை, இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி கார்த்திகையும். 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். குளம் பிடிக்க வேண்டிய தண்ணீரைக் குளம் பிடிக்காவிட்டால் அது நேரே ஊருக்குள்தான் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மருமகள் மனுவில் எழுதியிருப்பார். உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் அந்தப் பக்கம் வேம்பனூர்க் குளமும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ராம்சர் என்பது ஈரானில் ஓர் ஊர், ஈரநிலங்களைக் காக்க 1971-ல் அங்கே கையெழுத்தான ஒப்பந்தம் என்பதால் அந்தப் பெயர். அந்தப் பட்டியலில் உள்ள இடங்களில், பத்து வருஷத்துச் சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது என்று 2017-ன் ஈரநில விதிகள் சொல்கின்றன. உங்கள் ஊர்க் குளம் பாசனத்துக்கு வெட்டியது என்றால் இந்த விதி தானாக அதற்கு வராது, அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் குளம், ஏரிகளை ஆக்கிரமிப்பிலிருந்து காக்க நம் மாநிலத்தில் 2007-லேயே தனிச் சட்டம் இருக்கிறது, உச்ச நீதிமன்றமும் 2001-ல் ஒரு வழக்கில் குளத்தைக் குளமாகவே வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மனுவில் இதையெல்லாம் சேர்க்கலாம்.

நடக்க இடம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். பூங்காவே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஊஞ்சல் வேண்டும்தான், அதை ஊருக்குள் ஏதாவது புறம்போக்கிலோ விளையாட்டு மைதானத்து ஓரத்திலோ போடச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். குளத்திலே, மாடு மேய்க்கிறவர்கள் நடந்து நடந்து வடகரையில் ஒற்றையடிப் பாதை நிச்சயம் இருக்கும். கல் பதிக்காமல், விளக்குப் போடாமல், முள்ளை மட்டும் ஒதுக்கிவிட்டு அதில் விடிந்த பிறகு நடங்கள். தென்கரையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஏசி ரூமில் உட்கார்ந்து இயற்கை பேசுகிற உங்களைப் போன்றவர்கள் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் வந்து தூங்கிப் பாருங்கள். குளத்துப் புதரிலிருந்து கொசுவும் பாம்பும் வருகிறது. வெட்டித் தள்ளாமல் கொஞ்சச் சொல்கிறீர்களா?
(தக்கலையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: என் வீட்டில் ஏசி இல்லை அண்ணாச்சி, ஃபேனும் இரண்டில்தான் ஓடும்.

டெங்கு பரப்புகிற கொசு குளத்துப் புதரில் வளர்வதில்லை. அதற்கு வீட்டைச் சுற்றித் தேங்குகிற நல்ல தண்ணீர் போதும்: பழைய டயர், மூடாத தொட்டி, பெயின்ட் டப்பா. உங்கள் பக்கம் ரப்பர் தோட்டம் அதிகம், பால் எடுக்காத மழைக்காலத்தில் மரத்தில் மாட்டிய சிரட்டையைக் கவிழ்த்து வைக்காவிட்டால் ஒவ்வொரு மரத்திலும் ஒரு கொசுப் பண்ணை. ஓரப் புல் இருக்கிற குளத்தில் மீன்குஞ்சும் தட்டான்பூச்சியின் குஞ்சும் கொசுப் புழுவைத் தின்றுகொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். குளத்தை ஆகாயத்தாமரை மூடியிருந்தால் உங்கள் புகார் சரி, அதன் வேரைப் பிடித்துக்கொண்டு வளர்கிற கொசு இனமே இருக்கிறது. அதை வாரி எடுக்கத்தான் வேண்டும், அது வெளிநாட்டிலிருந்து வந்த களை. காடாக விடுவது என்றால் கைகழுவி விடுவது இல்லை. பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி நாம் கொட்டுகிற மிச்சத்தைத் தேடி வருகிறது. கல்யாண வீட்டு இலையைக் குளக்கரையில் கொட்டுவது யார் என்று விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பச் சொத்தில் எட்டு சென்ட் காவு (சாமிக்கென்று வெட்டாமல் விட்ட சிறுகாடு) இருக்கிறது. நாகர் கல், ஒரு பெரிய ஏழிலைப்பாலை, உள்ளே நுழைய முடியாத கொடி. பாகம் பிரிக்கும்போது, மரத்தை வெட்டித் தரைக்கு டைல்ஸ் போட்டு, நாகருக்குச் சின்னதாக ஒரு கோவில் கட்டி, சுற்றிப் பூச்செடி வைக்கலாம் என்கிறார் அண்ணன். சாமிக்கும் கௌரவம்தானே என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை.
(விளவங்கோடு பகுதியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் மனசு சொல்வது சரிதான் அம்மா. காவில் கல் ஒரு அடையாளம், சாமி அந்தக் காடு முழுக்க இருக்கிறது என்பதுதான் நம் பக்கத்து நம்பிக்கை. 'காவு தீண்டினால் குளம் வற்றும்' என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள். தீட்டு என்று பயமுறுத்தியாவது அந்த மண்ணை மிதிக்காமல், இலையைக் கூட்டாமல் வைத்திருந்தார்கள். முழங்கால் ஆழத்துக்கு மக்கிய சருகு மழையை உறிஞ்சிக் கீழே விடும், டைல்ஸ் அதைச் சாக்கடைக்கு அனுப்பும். பக்கத்தில் கிணறு இருந்தால் அண்ணனை அந்தக் கிணற்றைக் காட்டிப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பாலை மரத்தில் யட்சி இருப்பதை ஞாபகப்படுத்துங்கள், வெட்ட ஆள் கிடைப்பது கஷ்டம்.

பாகப் பத்திரத்தில் அந்த எட்டு சென்டை யாருக்கும் பிரிக்காமல் பொதுவில் வைத்து எழுதச் சொல்லுங்கள். இப்போதே எழுதிவிடுங்கள், அடுத்த தலைமுறையில் வாரிசு இருபது பேர் ஆகிவிடுவார்கள்.

கேள்வி: மாமா, நான் எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளியிலிருந்து மணக்குடி காயல் ஓரத்தில் காலியாகக் கிடக்கிற இடத்தில் நூறு மரக்கன்று நடப் போகிறோம். வேம்பு நடலாமா, குல்மொஹர் நடலாமா?
(மணக்குடி அருகிலிருந்து ஒரு மாணவி)

பதில்: இரண்டும் வேண்டாம் மக்கா, அந்த இடத்தில் எதையுமே நட வேண்டாம். காலி என்று நீ நினைக்கிற அந்தச் சேறு, தண்ணீர் வற்றும்போது உள்ளான் குருவிகளுக்குச் சாப்பாட்டு மேசை. அது எங்கிருந்தோ பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, ஊசி மாதிரி மூக்கைச் சேற்றில் குத்திக் குத்திப் புழு எடுக்கும். மரம் வந்தால் வராது, மரத்தில் பருந்து உட்கார்ந்திருக்குமோ என்று அதற்குப் பயம். உப்புத்தண்ணீரில் வேம்பும் குல்மொஹரும் பிழைப்பதும் சந்தேகம்தான். அங்கே கண்டல் (அலையாத்தி மரம்) வளர்கிற பகுதி தனியாக இருக்கிறது, அது அதுபாட்டுக்கு வளரட்டும்.

நூறு கன்றையும் பள்ளிக்கூட மதில் ஓரத்திலும் ரோட்டோரத்திலும் நடுங்கள், வேம்புடன் புன்னையும் பூவரசும் சேர்த்துக்கொள்ளுங்கள். காயல் ஓரத்துக்கு வெறும் நோட்டுடன் போய், ஒரு மணி நேரத்தில் கண்ணில் படுகிற செடி, நண்டு, பறவை எல்லாவற்றையும் எழுதுங்கள். பெயர் தெரியாததை ஊரில் வலை வீசுகிற தாத்தா யாரிடமாவது கேள், அவர் சொல்கிற பெயரையே எழுது. எனக்கு அனுப்பி வை, அடுத்த மாதம் இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.