பருத் தழும்புக்கு லேசரா, ஊசியா?

கேள்வி: எனக்கு வயது 26, மாநிறம். கல்லூரிக் காலத்தில் வந்த பருக்களால் இரு கன்னங்களிலும் பள்ளங்களும் கருந்தடங்களும் இருக்கின்றன. இப்போதும் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் இரண்டு மூன்று பருக்கள் வருகின்றன. நான்கு மாதத்தில் திருமணம். ஓர் இடத்தில் ஆறு சிட்டிங் லேசருக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார்கள். இன்னோர் இடத்தில், நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங் போதும் என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டு இடங்களிலும் தங்களிடம் உள்ள கருவியைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கன்னத்தில் இருப்பது எந்த வகைத் தழும்பு என்பதை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சிகிச்சையை முடிவு செய்வது அதுதான்.

இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கின் ஒளி பக்கவாட்டிலிருந்து முகத்தில் விழும்படி கண்ணாடி முன் நில்லுங்கள். நிழல் தேங்கும் இடங்கள் பள்ளங்கள். நிறம் மட்டும் மாறி, விரலால் தடவினால் சமமாக இருப்பவை பரு ஆறிய பின் தங்கிவிட்ட கருந்தடங்கள். அவை தழும்பே அல்ல. வெயிலுக்கு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும், மருத்துவர் எழுதித் தரும் அசிலாயிக் அமிலம் போன்ற களிம்பும் இருந்தால் இவை பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். மருந்துக்கடையில் 'முகம் வெளுக்க' என்று கேட்டு வாங்கும் களிம்புகளில் பலவும் ஸ்டீராய்டு கலந்தவை. முதலில் முகம் பளிச்சென்று தெரியும், பிறகு தோல் மெலிந்து பருவும் பெருகும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இனிப் பள்ளங்கள். கன்னத்தை இரு விரலால் மெல்ல இழுத்துப் பிடிக்கும்போது மறைந்துவிடுகிற, ஓரம் தெளிவில்லாத அலை போன்ற பள்ளங்களுக்குக் காரணம், தோலை அடியிலிருந்து கட்டி இழுக்கும் நார்கள். மேற்பரப்பில் எத்தனை முறை லேசர் போட்டாலும் அந்த நார் அறுபடாது. சப்சிஷன் என்ற முறையில், மரத்துப்போக ஊசி போட்டபின், தோலுக்கு அடியில் ஓர் ஊசியைச் செலுத்திப் பக்கவாட்டில் அசைத்து நாரை அறுப்போம். நார் அறுபடும் நறநறவென்ற ஓசை உங்களுக்கே கேட்கும். வலி குறைவு, ஆனால் ஒரு வாரம், பத்து நாள் கன்னம் கன்றிப்போயிருக்கும்.

ஊசியால் குத்தியதுபோல் வாய் குறுகி ஆழமாக இறங்கும் துளைகளுக்கு லேசரோ மைக்ரோநீட்லிங்கோ தனியாகப் போதாது. அடர்த்தி மிகுந்த டிரைக்ளோரோ அசிட்டிக் அமிலத்தில் பல்குச்சியின் முனையைத் தோய்த்துத் துளையின் அடியில் மட்டும் அழுத்துவோம். சில நொடிகளில் அந்த இடம் உறைபனிபோல் வெளுக்கும், பின் பொருக்கு கட்டி உதிரும். சில வாரங்கள் இடைவெளிவிட்டுப் பல முறை செய்ய வேண்டியிருக்கும். அழகுநிலையத்திலோ வீட்டிலோ செய்து பார்க்கக்கூடிய வேலை அல்ல இது.

ஓரம் செங்குத்தாக, அடி தட்டையாக, அதிக ஆழமில்லாமல் இருக்கும் பள்ளங்களுக்கே மைக்ரோநீட்லிங்கும், புள்ளி புள்ளியாகத் தோலில் படும் ஃபிராக்ஷனல் லேசரும் நன்றாகப் பயன்படுகின்றன. இரண்டும் தோலில் நுண்ணிய காயங்களை உண்டாக்கிப் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தைப் புதிதாக வளரச் செய்பவை. லேசரில் பலன் சற்றுக் கூடலாம் என்றாலும் அதன் வெப்பத்தால் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் புதிய கருமை படரும் வாய்ப்பு அதிகம். இருக்கும் கருந்தடத்தைப் போக்கப் போய் முகம் முழுக்கக் கருமையுடன் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த இரண்டில் ஒன்று என்றால், உங்களுக்கு மைக்ரோநீட்லிங்கையே முதலில் சொல்வேன். பெரும்பாலானவர்களின் முகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைப் பள்ளங்கள் கலந்தே இருக்கும் என்பதால், ஒரே முறையை ஆறு சிட்டிங்குக்கு மொத்தமாக வாங்குவதில் பொருளில்லை. காது குத்திய இடமோ தடுப்பூசித் தழும்போ தடித்து வளர்ந்திருந்தால் எதற்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இன்னும் வந்துகொண்டிருக்கும் பருக்களை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு புதிய பருவும் ஒரு புதிய பள்ளமாகலாம். இதற்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை தருவதானால், திருமணத் தேதியைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மாத்திரை கருவைக் கடுமையாகப் பாதிக்கும். நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் கழித்தே கருத்தரிக்கலாம்.

கொலாஜன் உருவாகி முதிர மாதங்கள் பிடிக்கும் என்பதால் நான்கு மாதத்தில் பள்ளங்கள் நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முழுவதும் மறையும் என்று உறுதி தருபவரை நம்பவும் வேண்டாம். முதல் இரண்டு மாதங்களில் பருவையும் கருந்தடத்தையும் கட்டுப்படுத்துங்கள். அலை போன்ற பள்ளங்கள் இருந்தால் இடையில் ஒரு சப்சிஷன் செய்துகொள்ளலாம். திருமணத்துக்கு முந்தைய ஆறு வாரங்களில் முகத்தில் ஊசியும் வேண்டாம், லேசரும் வேண்டாம். மிச்சத்தைத் திருமணத்துக்குப் பின் தொடரலாம்.