சபையார் பாமாலை பாடும்போது ஆர்கன்ல எந்தெந்த ஸ்டாப் (ஒவ்வொரு வகை ஒலியையும் ஆன் பண்ற குமிழ்) இழுக்கணும்?

புல்லாங்குழல் மாதிரி இனிமையா இருக்குன்னு 8 அடி ஃப்ளூட்டை மட்டும் வச்சு வாசிச்சா சபை பின்னாடியே இழுத்துட்டுதான் வரும், ஏன்னா அதுல சுருதி தெளிவா காதுல விழாது. சபைப் பாட்டுக்கு அஸ்திவாரம் ஆர்கனோட அடிப்படை ஒலியான பிரின்சிபல் ஸ்டாப்தான், இங்கிலீஷ் ஆர்கன்ல அதையே ஓபன் டயபேசன்னு எழுதியிருப்பாங்க. 8 அடின்னா நீங்க அமுக்குற சுரமே கேக்கும், 4 அடி ஒரு ஸ்தாயி மேல, 2 அடி ரெண்டு ஸ்தாயி மேல, 16 அடி ஒரு ஸ்தாயி கீழ. அதனால 8, 4 பிரின்சிபலோட ஆரம்பிங்க, கால்ல வாசிக்கிற பெடல்ல 16 அடி போர்டன்ங்கிற ஆழமான ஸ்டாப் கூட ஒரு 8 அடியும் சேருங்க, இல்லன்னா கீழ வெறும் உறுமல்தான்.

கோயில் நிறைஞ்சிருந்தா ஆட்களே சத்தத்தை, அதுவும் மேல் சுரங்களை, உறிஞ்சிடுவாங்க, அப்ப 2 அடியும் தேவைப்பட்டா மிக்ஸ்சரும் (ஒரு கட்டைக்கே பல மேல் சுரங்களைச் சேர்த்து ஒலிக்கிற ஸ்டாப்) சேத்துக்கலாம். காலியான கோயில்ல ப்ராக்டிஸ் பண்ணிட்டு இதுவே போதும்னு நெனச்சிடாதீங்க. பத்து பேர் வர்ற காலை ஆராதனைக்கு மிக்ஸ்சர்லாம் ஓவர்.

செலஸ்ட் வேண்டவே வேண்டாம், அது வேணும்னே கொஞ்சம் சுருதி விலக்கி வச்ச ஸ்டாப், சபை எதைப் பிடிச்சுப் பாடும்? சத்தத்தை நடுங்க வைக்கிற ட்ரெமுலன்ட்டும் அப்படித்தான், எலக்ட்ரானிக் ஆர்கன்ல பலபேர் அதை ஆஃப் பண்றதே இல்ல, எனக்கு எரிச்சலா வரும்.

சரணத்துக்கு சரணம் வார்த்தையைப் பாத்து மாத்துங்க, சிலுவை பத்தி வர்ற சரணத்துல 2 அடியை எடுத்துட்டா போதும். ட்ரம்பெட் ஸ்டாப்பைக் கடைசி சரணத்துக்கு வைங்க.