எடைக்குப் போகவிருந்த ரங்கூன் பேரேடு

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டைத் தைக்கு முன் ஒதுங்க வைக்கிறோம். நாலு புள்ளிக்கும் (பங்காளிக் குடும்பங்களுக்கும்) பொதுவான வீடு. வீட்டின் இரண்டாம் கட்டில் இருந்த இரும்புப் பெட்டியில், எங்கள் ஐயா ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்த காலத்துப் பேரேடுகள், சிட்டைகள், கடுதாசிக் கட்டுகள், ஜப்பான்காரன் நோட்டு ஒரு கத்தை எல்லாம் கிடந்தன. பழைய பேப்பர்க்காரர் எடைக்குக் கேட்கிறார். பங்காளி ஒருவர், "நிலமே போயிருச்சு, காகிதத்தை வச்சு என்ன செய்ய" என்கிறார். இன்னொருவர் அந்த நோட்டு லட்சக்கணக்கில் போகும் என்கிறார். எனக்கோ விடிந்தால் போனில் உக்ரைன், காஸா, ஈரான். மகன் துபாயில் இருக்கிறான். சண்டைச் செய்தியைப் பார்த்துவிட்டு இந்தக் கட்டுகளைப் பார்த்தால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. எடைக்குப் போடலாமா? வைப்பதென்றால் எப்படி வைப்பது?

– ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சிக்கு,

எடைக்குப் போடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் நோட்டு விவகாரத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் வீட்டில் சண்டை வருவது அதில்தான்.

நோட்டில் அச்சடித்த ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். 'பி'யில் தொடங்கி ரூபாய்க் கணக்கில் இருந்தால் அது பர்மாவுக்காக ஜப்பான் ராணுவம் அடித்தது. 'எம்'மில் தொடங்கி டாலரில் இருந்தால் மலாயாவுக்கு. பத்து டாலரில் வாழைமரம் இருக்கும். மலாயாவில் அதை வாழைமர நோட்டு என்றே சொன்னார்கள். கணக்கு வழக்கில்லாமல் அடித்துத் தள்ளியதால் 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் எல்லாம் வெறும் தாள். இன்றைக்கும் உலகெங்கும் கட்டுக்கட்டாகக் கிடைப்பதால் லட்சம் எல்லாம் வராது. நாலு புள்ளிக்கும் சரிசமமாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், சண்டை ஓயும்.

நிலமும் திரும்பாது. பர்மா 1948-லும் 1953-லும் நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டது. 1963-ல் தனியார் வங்கிகளை எடுத்துக்கொண்டது, 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றது. அந்தப் பத்திரங்களை வைத்துப் பணம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டு வந்தால் வாசல் முகப்போடு அனுப்பிவிடுங்கள்.

பிறகு எதற்குக் காகிதம்? கடைசி ஏட்டைத் திறந்து பாருங்கள். அதற்கு முன் எழுத்து பழக வேண்டும். ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி, ௹ ரூபாய். பழைய எண்முறையில் பூஜ்யம் கிடையாது. ௨௰௫ என்றால் 25. ௲௯௱௪௰௧ என்றால் 1941. தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. எண்களில் பல, எழுத்துகளைப் போலவே இருக்கும்: ௧ 'க' மாதிரி, ௭ 'எ' மாதிரி, ௮ 'அ' மாதிரி. பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்த கடை விலாசத்தையும் தொகையையும் இதனால் குழப்பிக்கொள்வார்கள். இன்னொன்று, ஏட்டின் உச்சியில் இருக்கும் 'உ' பிள்ளையார் சுழி, ௨ அல்ல. தொகையில் 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. வட்டி நூற்றுக்கு மாதம் இத்தனை என்று இருந்தால் ஆண்டுக்கு 12-ஆல் பெருக்குங்கள்.

இப்போது விஷு வருஷம் மார்கழியைத் தேடுங்கள். 1941 டிசம்பர் 23 அன்றும் 25 அன்றும் ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு போட்டது. 1942 மார்ச் 8-ல், அதே விஷு மாசியில், ஊர் விழுந்தது. அந்த இரண்டரை மாதத்தில் வரவு எப்படி மெலிகிறது, எந்தத் தேதியில் கை எழுத்து மாறுகிறது, எங்கே பாதிப் பக்கத்தில் நின்றுபோகிறது என்பதைத் தேதியோடு காட்டக்கூடியவை இத்தகைய ஏடுகள்தான். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் நடந்தார்கள்: புரோம் வழியே தௌங்குப் கணவாய் தாண்டி அரக்கான், அல்லது கலேவா, தமு வழியே இம்பால். நடந்தும் கடல் வழியுமாக இந்தியா வந்தவர்கள் நாலைந்து லட்சம் பேர் என்பது பொதுவான மதிப்பீடு. வழியில் காலராவிலும் மலேரியாவிலும் செத்தவர்கள் பல்லாயிரம். அவர்களில் பெரும்பகுதி கூலிகள், ரிக்ஷாக்காரர்கள், துறைமுகத் தொழிலாளிகள். அவர்களுக்குப் பேரேடு இல்லை.

இன்னொரு பக்கத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும், கசந்தாலும். கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல், வட்டிக்குக் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-ல் 25 சதவீதம். நடுவில் நெல் விலை சரிந்தது, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயி அடமானத்தை இழந்தான். உங்கள் ஏட்டில் பற்று நெடுகப் பர்மியப் பெயர்கள் வரும். "நம்ம சொத்து போச்சு" என்று நம் ஊரில் சொல்லும்போது அந்தப் பெயர்களை யாரும் சொல்வதில்லை. எடைக்குப் போட்டால் உங்கள் ஐயாவின் கணக்கோடு அவர்கள் இருந்ததற்கான அத்தாட்சியும் போகும். நான் வேண்டாம் என்று சொல்வது முக்கியமாக இதற்காக.

சரி, வைக்கும் முறை. கட்டுகளை வளவில் (உள்முற்றத்தில்) நிழலான இடத்தில், கஞ்சி போடாத வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். வெயிலில் காயப் போட்டால் தாள் மொறுமொறுத்து ஒடியும். அவிழ்ப்பதற்கு முன் கட்டு இருந்தபடியே ஒரு படம் எடுங்கள்; எந்தக் கடுதாசி எதற்குள் இருந்தது என்பதும் செய்திதான். மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு, ஒரு அங்குல மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டுங்கள். துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்காதீர்கள். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி மெதுவாக நெகிழ்த்தி எடுங்கள்.

தண்ணீர் படவே கூடாது. ஊதா நிறத்தில் தெரிவது காப்பிங் பென்சில் எழுத்தாக இருந்தால் ஒரு சொட்டு ஈரத்தில் கலங்கிப் பரவிவிடும். பழுப்பேறிய மையைச் சுற்றித் தாள் கருகியது போல் இருந்தால், அது இரும்புச் சத்துள்ள மை, தாளையே தின்றுகொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை மடக்காமல் தட்டையாக வையுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், சூட்டில் ஒட்டியது திரும்பப் பிரியாது. பாதுகாப்பு என்று நினைத்து லேமினேட் செய்தே பல வீடுகளில் பத்திரங்களைக் கொன்றிருக்கிறார்கள்.

ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். துளையின் ஓரத்தில் புதுப் பொடி விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. நன்றாக உலர்ந்த கட்டைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் மூடி, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். வீட்டுப் ஃப்ரிட்ஜின் சின்ன ஐஸ் அறையில் அந்தக் குளிர் நிலையாக நிற்காது. ஐஸ்கிரீம் வைக்கும் பெட்டி ஃப்ரீசர் வேண்டும். எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே வையுங்கள். உடனே பிரித்தால் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

படம் எடுக்கப் போனே போதும். காலை ஒன்பது, பத்து மணிக்கு வளவில் வெயில் நேரே விழாத இடம், ஃபிளாஷ் கூடாது, போன் தாளுக்கு நேர் மேலே. பக்கத்தில் ஒரு அடிக்கோல். வெற்றுப் பக்கம், உறை, முத்திரை உட்பட விடாமல் எடுங்கள். இரண்டு பிரதிகள் இரண்டு ஊரில் இருக்கட்டும். பிறகு கஞ்சி இல்லாத காடாத் துணியில் சுற்றி (கஞ்சிதான் ராமபாணத்துக்கு விருந்து), வசம்பைத் தனித் துணியில் முடிந்து தாளில் படாமல் வையுங்கள். வாசனை போனதும் மாற்றுங்கள். பெட்டி தரையில் இருக்கக் கூடாது; ஆத்தங்குடிக் கல் தரையும் ஐப்பசி, கார்த்திகையில் குளிர்ந்து ஈரம் விடும். இரண்டு பலகைக் கட்டை கொடுத்துத் தூக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

போனில் வரும் சண்டைச் செய்தியைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். நாளுக்கு ஒருமுறை, காலைப் பத்திரிகை போதும். மகனிடம் பாஸ்போர்ட், விசா நகல்களை வாங்கி வீட்டில் வையுங்கள். தூதரக அவசர எண்ணை அவன் தாளில் எழுதி வைத்திருக்கட்டும். ஒரு மாதச் செலவுக்கு அவன் கையில் ரொக்கம் இருக்கட்டும். 2025 ஜூன் 23 அன்று கத்தார் வான்வழியை மூடியபோது சில மணி நேரத்தில் வளைகுடா விமானங்கள் எல்லாம் தாறுமாறாயின. அதற்கு மேல் நீங்கள் விழித்திருப்பதால் ஏவுகணை நிற்கப் போவதில்லை.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்துகிறது. நம் டீக்கடைகளில் உக்ரைனில் யார் ஜெயிப்பார் என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். 2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பின் பர்மாவிலும் உள்நாட்டுப் போர் மூண்டது. அதைப் பேசி நான் கேட்டதில்லை, பேசுகிறவர் சாய்ந்திருக்கும் தூண் பர்மாத் தேக்காக இருந்தாலும். 1942-ல் நடந்தவர்கள் கடந்த அதே தமுவுக்கு எதிரே, எல்லைக்கு இந்தப் பக்கம் மோரேயில், 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் குடும்பங்கள் இருக்கின்றன, கோயிலோடும் சங்கத்தோடும். 2023-ல் மணிப்பூர்க் கலவரம் அந்த ஊரையும் தொட்டது.

பெட்டியைத் தொடும் முன் நாலு புள்ளியிடமும் ஒரு தாளில் சம்மதக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பழைய பேப்பர்க்காரருக்கு மேங்கோப்பில் கிடக்கும் வாரப் பத்திரிகைகளைக் கொடுத்தனுப்பலாம்.