பனிச்சறுக்கு மலையை ஊரே நடத்த முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் வெர்மான்ட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ரிச்மண்ட் என்ற சின்ன ஊரில் ஒரு குன்றுக்குப் பேரனைப் பனிச்சறுக்குப் பழகக் கூட்டிப் போனார்கள். அதற்கு முதலாளி யாரும் இல்லை, லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துகிறது என்றார்கள். எப்படிக் கட்டுப்படியாகிறது? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் பார்த்தது காக்ரன் குன்றாகத்தான் இருக்கும். மிக்கி, ஜின்னி காக்ரன் என்ற தம்பதி 1961இல் தங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில், நாலு பிள்ளைகளும் பழகட்டும் என்று பிடித்துக்கொண்டால் ஆளை மேலே இழுத்துப் போகும் ஓர் இழுவைக் கயிறு போட்டார்கள், ஊர்ப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அந்த நாலு பேருமே அமெரிக்க தேசிய அணிக்குப் போனார்கள்; அதில் பார்பரா ஆன் 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஸ்லாலத்தில், அதாவது கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் பந்தயத்தில், தங்கமே வாங்கினார். அவர் மகன் ரயன் 2022இல் பெய்ஜிங்கில் வெள்ளி வாங்கினார். இத்தனைக்கும் குன்றின் உயரம் சுமார் 350 அடிதான்! 1998இல் இதை லாப நோக்கமில்லாத அமைப்பாக மாற்றினார்கள். பணமில்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அங்கே கொள்கை.

சரி, பணத்துக்கு வருவோம். பனி விழுந்தாலும் விழாவிட்டாலும் காப்பீட்டுக்குக் கட்டியாக வேண்டும், சறுக்குபவர்களை மேலே ஏற்றும் லிஃப்டைப் பரிசோதித்துச் சான்று வாங்க வேண்டும். வருமானமோ குளிர்காலத்தில் சில வார இறுதிகளில் வருவதுதான், அதிலும் ஒரு விடுமுறை வாரத்தில் மழை பெய்துவிட்டால் அந்த வருஷக் கணக்கே ஆட்டம் கண்டுவிடும். அதனால் நன்கொடையும் சம்பளம் வாங்காத கைகளும் இல்லாமல் டிக்கெட் காசை மட்டும் நம்பி இப்படி ஒரு குன்றை நடத்துவது ரொம்பக் கடினம். வெர்மான்ட்டும் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் மட்டும் மூடிப்போன பனிச்சறுக்கு இடங்கள் 600க்கு மேல்.

கேள்வி: அப்படியானால் கடன் வாங்கிப் பெரிதாக்கி, நிறைய பேரை வரவழைக்கலாமே? – ஒரு வாசகர், கோவை

பதில்: அதே வெர்மான்ட்டில் அஸ்கட்னி மலையில் அதைத்தான் செய்தார்கள். ஹோட்டல், அதிவேக லிஃப்ட் என்று பெரிய ரிசார்ட்டாக வளர்ந்து, கடனில் சிக்கி 2010இல் மூடிவிட்டார்கள், லிஃப்டைக்கூடக் கழற்றி விற்றாயிற்று. அப்புறம் வெஸ்ட் விண்ட்சர் ஊர்க்காரர்கள் வாக்கெடுத்து, ஒரு நில அறக்கட்டளையின் உதவியோடு 469 ஏக்கரை ஊர்ச் சொத்தாக வாங்கினார்கள். இப்போது அடிவாரப் பகுதியில் மட்டும் ஓர் இழுவைக் கயிறும் ஒரு டி-பாரும் (ஆளைப் பின்னாலிருந்து தள்ளி மேலேற்றும் T வடிவக் கம்பி) ஓடுகின்றன, பெரும்பாலும் தன்னார்வலர்களை வைத்து. செயற்கைப் பனி கிடையாது, வானம் கொடுத்தால் திறப்பார்கள். என்னைக் கேட்டால் இந்தக் குன்றுகளைக் காப்பாற்றுவதே அந்த அளவோடு நிற்கிற பிடிவாதம்தான். செயற்கைப் பனி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பம்பும் குழாயும் மின்சாரமும் சேர்ந்தால் செலவு எங்கேயோ போய்விடும், வெப்பநிலையும் உறைநிலைக்குக் கீழே இறங்கினால்தான் வேலைக்கு ஆகும்.

கயிற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். வெர்மான்ட்டிலேயே கிழக்குக் கொரிந்த் என்ற ஊரில் 1936 முதல் தன்னார்வலர்கள் நடத்தும் நார்த்ஈஸ்ட் ஸ்லோப்ஸ் குன்றில் கயிற்றை இழுத்தது ஒரு பழைய லாரி எஞ்சின்! அந்த எஞ்சினை ஊர் மெக்கானிக்கே சரிசெய்துவிடலாம். கயிறு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் கையுறைக்குள் வழுக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பிடிக்க வேண்டும், சட்டென்று பிடித்தால் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். நனைந்தால் கனம் ஏறி, சின்னப் பிள்ளைகளால் தூக்கவே முடியாது. ஓடும்போது முறுக்கிக்கொள்ளும் என்பதால் தொங்குகிற மஃப்ளரும் அவிழ்ந்த கூந்தலும் ஆபத்து, அதனால்தான் மேலே யாராவது இறங்காமல் தாண்டிப் போனால் எஞ்சினை நிறுத்திவிடும் ஒரு தடுப்பு இருக்கும். அது வேலை செய்கிறதா என்று தினமும் திறக்கும் முன்பே பார்த்தாக வேண்டும், இதில் மட்டும் 'நம்ம ஊர்தானே' என்ற சலுகையே கூடாது.

கேள்வி: வெர்மான்ட்டில் இருக்கும் என் தம்பி இப்படி ஒரு குன்றில் உதவப் போகிறேன் என்கிறான். பனிச்சறுக்கே தெரியாதவனுக்கு அங்கே என்ன வேலை? – ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாகப் போகச் சொல்லுங்கள். டிக்கெட் கொடுக்க, சூப் ஊற்ற, காலணி மாட்டிவிட எல்லாம் ஆள் வேண்டும். ஆனால் ஆள் கிடைக்காத வேலை கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இருக்கிறது: சரிவில் முளைத்த புதரை வெட்டுவது, கல் பொறுக்குவது. புல் ஒட்ட வெட்டிய சரிவை மூடக் கொஞ்சம் பனியே போதும், புதரும் கல்லும் கிடந்தால் அதைப்போலப் பல மடங்கு பனி விழக் காத்திருக்க வேண்டும். பனி குறைவான வருஷத்தில் திறக்கிற நாட்களை அதுவே முடிவுசெய்துவிடும். அதனால் டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம், செப்டம்பரிலேயே அரிவாளோடு போய் நிற்கச் சொல்லுங்கள்.