முதல் மாலையைக் காலியாக விடுங்கள்: கைக்குழந்தையுடன் தாத்தா, பாட்டி வீட்டுக்கு ஒரு மூன்று நாள் பயணம்

கேள்வி: எங்களுக்கு மூன்றரை வயதில் ஒரு மகளும் பத்து மாதத்தில் ஒரு மகனும் இருக்கிறார்கள். அடுத்த மாதம் தொடர்ச்சியாக மூன்று நாள் விடுமுறை வருகிறது. காரில் நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கும் என் மாமனார், மாமியார் வீட்டுக்குப் போக நினைக்கிறோம். இருவரும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். சென்ற மாதம் ஓர் இரவு மட்டும் தங்கி வந்தோம். வழியில் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பாட்டி தூக்கப் போனதும் மகன் வீறிட்டு அழுதான். இரவு முழுவதும் யாருமே தூங்கவில்லை. மாமியாரின் முகம் வாடிப்போனதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. மகனுக்கு ஒரு வயது முடியும்வரை பயணத்தைத் தள்ளிப்போடலாமா? போவதென்றால் எப்படித் திட்டமிடுவது?

பதில்: தள்ளிப்போட வேண்டாம், போய் வாருங்கள். ஒரு வயது வரை காத்திருந்தால் அழுகை ஓய்ந்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. பழகாத முகங்களைக் கண்டு மிரளும் இயல்பு பெரும்பாலான குழந்தைகளிடம் ஆறு முதல் ஒன்பது மாதங்களுக்குள் தலைகாட்டும். ஒரு வயதை ஒட்டி வலுவாக இருந்து, இரண்டாம் வயதில்தான் மெல்லத் தணியும். ஐந்தாம் மாதத்தில் யார் தூக்கினாலும் சிரித்த குழந்தை பத்தாம் மாதத்தில் அழுகிறது என்றால், பாட்டியை அவனுக்குப் பிடிக்கவில்லை என்று பொருளல்ல. தினமும் பார்க்கும் முகத்தையும் எப்போதாவது பார்க்கும் முகத்தையும் எடைபோட்டு, எச்சரிக்கையாக இருக்கும் அளவுக்கு அவன் மனம் வளர்ந்திருக்கிறது என்று பொருள். இந்த ஒரு செய்தியை, நீங்கள் புறப்படுவதற்கு முன்பே, உங்கள் கணவர் தம் தாயிடம் தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது. வாசலில் குழந்தை அழும்போது சொன்னால் அது சமாதானமாகத்தான் கேட்கும். முன்கூட்டியே சொன்னால் அவர் அதற்கு ஏற்பத் தம்மைத் தயார்ப்படுத்திக்கொள்வார்.

மூன்று நாள் என்று நாம் எண்ணிக்கொண்டாலும், போகும் நாளும் திரும்பும் நாளும் பயணத்தில் கரைந்துவிடுவதால், முழுதாகக் கைக்குக் கிடைப்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு நாள்தான். அந்த நாள் எப்படி அமையும் என்பது முதல் நாள் மாலையிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. குழந்தைகள் நல மருத்துவத்தில் இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தவரை, பயணம் கசந்துபோன குடும்பங்களில் பெரும்பாலானவை அந்த முதல் மாலையில்தான் தடுமாறியிருக்கின்றன: களைத்து வந்து இறங்கிய பிள்ளையை ஆளுக்கொருவராகத் தூக்குவது, அதே மாலையில் உறவினர்களை வரவழைப்பது, ‘தாத்தாவுக்கு ஒரு முத்தம் கொடு’ என்று மூத்த குழந்தையை முன்னால் தள்ளுவது, இவை எல்லாம் சேர்ந்து தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போட, இரவு கெட்டு, மறுநாளும் கெடுகிறது. எனவே உங்களுக்கு நான் சொல்லும் முதன்மையான ஆலோசனை, அந்த மாலைக்கு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகன் உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். பாட்டி அவனை நோக்கிக் கைநீட்டாமல், அவன் முகத்தை நேருக்கு நேர் பார்க்காமல், சற்றுத் தள்ளித் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு, தம் போக்கில் தட்டிக்கொண்டிருக்கட்டும். தரையில் உட்கார முழங்கால் இடம் கொடுக்காவிட்டால் தாழ்வான நாற்காலி போதும். நீங்களும் அருகில் உட்கார்ந்து அவரோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருங்கள். முதலில் குழந்தை உங்கள் தோளில் முகம் புதைப்பான். பிறகு ஒரு கண்ணால் எட்டிப் பார்ப்பான். கிண்ணத்தின் ஓசை நின்றதும் திரும்பிப் பார்ப்பான். பத்து நிமிடமோ அரை மணி நேரமோ கழித்து, அவனே தவழ்ந்து போய்க் கரண்டியைப் பிடிப்பான். அப்போதும் தூக்கிவிடக் கூடாது. கரண்டியைக் கொடுத்து, அவன் திருப்பித் தருகிறானா என்று காத்திருக்க வேண்டும். இப்படிக் குழந்தை தானாகத் தேடி வந்த அந்த ஒரு முறை, நாம் கட்டாயப்படுத்தித் தூக்கிக் கொடுத்த பத்து முறைக்கு ஈடாகும்.

இந்த நேரத்தில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் தவழவிட்டார்கள். கண்ணாடிக்கு அடியில் சிறு பள்ளம் இருப்பதுபோல் தெரியும். எதிர்ப்புறம் நின்ற தாய் பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூட அதைக் கடக்கவில்லை. மகிழ்ந்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 கடந்தன. பள்ளத்தைப் பற்றி முடிவெடுக்கக் குழந்தைகள் தாயின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். மாமியார் அருகில் வரும்போது ‘மறுபடி அழுவானோ’ என்ற பதற்றம் உங்கள் முகத்திலும் தோளிலும் ஏறினால், பாட்டியைப் பற்றி அவன் எடுக்கும் முடிவும் அப்படியே அமைந்துவிடும்.

மூத்தவளின் தேவை வேறு. மூன்றரை வயதுக் குழந்தைக்கு முன்னறிவிப்புதான் பெரிய துணை. தாத்தா, பாட்டியின் புகைப்படத்தைக் காட்டி, அந்த வீட்டில் எந்த அறையில் தூங்கப்போகிறோம், எத்தனை இரவு தூங்கி எழுந்து திரும்புவோம் என்று இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பிருந்தே கதைபோலச் சொல்லுங்கள். அணைப்பதா, கையசைப்பதா, வெறுமனே சிரிப்பதா என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். எல்லோரும் தம்பியைச் சுற்றியே நிற்கும்போது அவள் அடம்பிடிப்பது இயல்பு. நடுநாளில் தாத்தாவோடு அவளுக்கென்று தனியாக அரை மணி நேரம் ஒதுக்கினால், அடம் பெருமளவு குறையும்.

அடுத்தது தூக்கம். இதை நான் சற்று விரித்தே சொல்ல வேண்டும். உங்கள் மகனின் வயதில் ஒரு நாளைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 12 முதல் 16 மணி நேரத் தூக்கமும், மகளின் வயதில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும் தேவை. புதிய இடத்தில் முதல் இரவு தூக்கம் ஆழமாக வராதது பெரியவர்களுக்கே உள்ளதுதான். 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பெரியவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு, பழகாத இடத்தில் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாகவே இருக்கிறது என்று காட்டியது. ஆகவே முதல் இரவு குழந்தை இரண்டு முறை கூடுதலாக எழுந்தால், அது உங்கள் வளர்ப்பின் குறையோ அந்த வீட்டின் குறையோ அல்ல. வீட்டில் தூங்கவைக்கும் வரிசையை, அதாவது உடம்பு துடைத்து, உடை மாற்றி, விளக்கைத் தணித்து, தாலாட்டுப் பாடும் அதே ஒழுங்கை, அங்கும் மாற்றாமல் செய்யுங்கள். மகளுக்கு அவள் வீட்டில் போர்த்திக்கொள்ளும் போர்வையைத் துவைக்காமலே எடுத்துச் செல்லுங்கள். பழகிய வாசனை அவளுக்கு ஆறுதல் தரும்.

மகனுக்குத் தளர்ந்த போர்வையோ தலையணையோ வேண்டாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை உறுதியான, சமதளமான படுக்கையில், மல்லாக்க, நீங்கள் தூங்கும் அறையிலேயே தனிப் படுக்கையில் படுக்கவைப்பதுதான் பாதுகாப்பானது. சோபாவில் குழந்தையோடு யாரும் கண்ணயர்ந்துவிடக் கூடாது. மடித்து எடுத்துச் செல்லக்கூடிய தொட்டில் இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். இந்த இடத்தில் பெரியவர்களோடு கருத்து வேறுபாடு வரக்கூடும்; அவர்கள் சொல்வதை அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள். 1980-களில் பல நாடுகளில் மருத்துவர்களே குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார்கள். 1990-களின் தொடக்கத்தில்தான் அந்த அறிவுரை மாறியது. மாறிய பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ‘அன்று நீங்கள் செய்தது அன்றைய மருத்துவர் சொன்னது, இன்று எங்கள் மருத்துவர் இப்படிச் சொல்கிறார்’ என்று உங்கள் கணவர் எடுத்துச் சொன்னால், அதில் யாருடைய மரியாதையும் குறையாது.

வந்து இறங்கிய அரை மணி நேரத்துக்குள் செய்ய வேண்டிய ஒரே வேலை, தாத்தாவையும் அழைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவதுதான். தவழும் குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். என் கவலையெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் மாத்திரைகளைப் பற்றித்தான். கிழமைவாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டி, மூட்டுவலி உள்ள விரல்களும் எளிதில் திறக்கக்கூடியது. அதே எளிமையில் குழந்தையும் திறந்துவிடும். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைகளில் சில, ஒன்றிரண்டே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாக முடியும். அந்தப் பெட்டியைக் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும். பாட்டியின் கைப்பையையும் மறந்துவிடக் கூடாது. எடை பார்க்கும் கருவி, சிறிய ரிமோட் போன்றவற்றில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி, விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே திசுவை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தண்ணீர் நிரப்பிய வாளியைக் கவிழ்த்துவிடுங்கள், மாடிப்படியை மறித்துவிடுங்கள், சூடான பானத்தை மேசை விளிம்பில் வைக்காதீர்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை, மகன் பின்நோக்கிய குழந்தை இருக்கையில், காரின் பின்வரிசையில்தான் உட்கார வேண்டும். எவ்வளவு அழுதாலும் ஓடும் வண்டியில் மடிக்கு மாற்றக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இருவரையும் வெளியே எடுங்கள். அவன் வழக்கமாகத் தூங்கும் நேரத்தை ஒட்டிப் புறப்பட்டால் பாதி வழி தூக்கத்திலேயே கழியும். மகளுக்கு வாந்தி வருவது அவள் வயதில் சகஜம்: உள்காது ‘நகர்கிறோம்’ என்று சொல்ல, புத்தகத்திலோ அலைபேசியிலோ பதிந்திருக்கும் கண் ‘நகரவில்லை’ என்று சொல்ல, அந்த முரண்பாட்டில் குமட்டல் எழுகிறது. எனவே படப் புத்தகமும் திரையும் வேண்டாம். தொலைவில் தெரிவதைப் பார்க்கச் சொல்லி விளையாட்டுக் காட்டுங்கள், வயிறு நிறையக் கொடுக்காமல் மிதமாகக் கொடுங்கள், காற்று வரட்டும். பயண வாந்திக்கான மருந்தை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தர வேண்டாம்.

மருந்து என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். நிறையக் கைகள் இருக்கும் வீட்டில், அம்மா கொடுத்தது தெரியாமல் பாட்டியும் காய்ச்சல் மருந்து கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பாராசிட்டமால் அளவு எடையைப் பொறுத்தது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், அடுத்த வேளைக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி என்பதே கணக்கு. இரு பிள்ளைகளுக்குமான அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி ஒட்டி, கொடுத்த நேரத்தையும் அதிலேயே குறியுங்கள். தாத்தா இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினை எக்காரணத்தைக் கொண்டும் காய்ச்சலுக்குத் தரக் கூடாது. அது ரேய் நோய்க்குறி என்ற, அரிதானாலும் கொடிய பாதிப்பை உண்டாக்கக்கூடும்.

புறப்படும் நாளில் பிள்ளைகளில் ஒருவருக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மட்டும் பயணத்தைத் தயங்காமல் ஒத்திவையுங்கள். குழந்தைக்கு மூக்கொழுகலாக வரும் அதே வைரஸ், எழுபதைத் தாண்டியவருக்கு நுரையீரல் அழற்சியாக மாறலாம். நல்ல உடல்நிலையிலும், சேர்ந்தவுடன் எல்லோரும் சோப்புப் போட்டு 20 விநாடிகள் கை கழுவுவதை வழக்கமாக்குங்கள்.

நடுநாளில் காலையில் ஒரு வெளியிடம் போதும். மதியம் பிள்ளைகள் தூங்கும்போது பெரியவர்களும் படுத்து எழட்டும். பத்து மாதக் குழந்தையை நாளெல்லாம் தூக்கி இறக்குவது அந்த வயதில் முதுகுக்குப் பெரும் சுமை. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நீங்கள் குழந்தையை அவர் மடியில் வைப்பது இருவருக்கும் நல்லது. மூன்றாம் நாள் மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள். திரும்பிய பின் ஒன்றிரண்டு நாட்கள் மகன் உங்களை விடாமல் ஒட்டிக்கொள்வான்; பழைய நேரங்களுக்கு வந்ததும் சரியாகிவிடும்.

அந்த மூன்று நாட்களில் உண்டான பழக்கம் அடுத்த வரவு வரைக்கும் அற்றுப்போகாமல் இருக்க, வாரத்தில் இரண்டு மூன்று முறை ஐந்து நிமிடம் வீடியோ அழைப்பில் பேசுங்கள். ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறது. அழைப்பில் பாட்டி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அதே கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துத் தட்டட்டும். உங்கள் வீட்டிலும் ஒரு கரண்டியை எடுத்து மகன் கையில் கொடுங்கள்.