விலக்கிய புல்

அன்புள்ள ஐயா,

கரூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவோடு கிளம்பிவிடுவேன். குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களையும் படமெடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. முதல் பூவான செங்காந்தளைச் சென்ற வாரம் ஒரு கள்ளிவேலியில் கண்டேன். சுற்றியிருந்த புல்லையும் முள்ளையும் விலக்கிவிட்டு, பின்னால் கறுப்புத் துணி பிடித்து எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். இன்னும் நெருங்கி எடுக்க 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கலாமா, பறவைக்கும் ஆகட்டும் என்று பெரிய டெலி லென்ஸாகவே வாங்கிவிடலாமா? வண்ணம் நல்லதா, கறுப்பு வெள்ளையா?

ச., கரூர்

*

அன்புள்ள ச.,

வாரம் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் மண்டியிடுகிற மனிதரை எனக்குப் பிடிக்காமல் போகுமா? படமும் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தை ‘விலக்கிவிட்டு’ என்ற சொல்லோடு மூடி வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன்.

வண்ணமா கறுப்பு வெள்ளையா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? காட்டுயிர்ப் படங்களுக்குப் பேர்போன மா. கிருஷ்ணன் பல உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிக்கொண்ட ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு காடு காடாக அலைந்து, யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். நிறம் இல்லையே என்று எந்த யானையும் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 99 பூக்கள் திட்டத்துக்கு என் வாழ்த்து. அவற்றில் சில இன்றைய எந்தச் செடி என்பதிலேயே அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை, அதனால் அவசரம் வேண்டாம். இன்னொன்று, அந்தப் பாட்டில் தலைவியும் தோழியும் அத்தனை பூக்களையும் பறித்துப் பாறைமேல் குவிக்கிறார்கள். கறுப்புத் துணிக்கு முன்னால் பூவைத் தனியே நிறுத்தும்போது நீங்களும் பாறையில்தான் குவிக்கிறீர்கள். அவர்களாவது தழையுடை கட்டிக்கொள்ளப் பறித்தார்கள்.

சரி, உங்கள் காந்தளுக்கு வருவோம். அதன் இலைநுனியைப் பார்த்தீர்களா? பார்த்திருக்க முடியாது, கறுப்புத் துணிக்கு முன்னால் இலையே இல்லை. இலை நீண்டு, ஒடுங்கி, நுனியில் சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். தண்டு தானாக நிற்க வலுவில்லாதது. பக்கத்தில் இருக்கும் புல்லையோ முள்ளையோ இலைநுனிகளால் பிடித்துப் பிடித்துத்தான் அது மேலே வருகிறது. நீங்கள் குப்பை என்று விலக்கினீர்களே, அது அந்தக் கொடியின் கைப்பிடி. ஏணியில் நிற்பவனைப் படமெடுக்க ஏணியை உருவுவீர்களா?

நிறத்தையும் கேளுங்கள். காந்தள் மலரும்போது பச்சை கலந்த மஞ்சள். நாளாக ஆக நுனியிலிருந்து சிவப்பு ஏறி, கடைசியில் முழுச் சிவப்பாகும். கீழே இருக்கும் பூ முதலில் மலரும், மேலே இருப்பது பிறகு. கொடியை முழுதாக எடுத்திருந்தால் உச்சியில் மொட்டு, நடுவில் மஞ்சள், அடியில் சிவப்பு என்று ஒரு பூவின் வயது மொத்தமும் ஒரே சட்டத்தில் விழுந்திருக்கும். உங்களுக்குக் கிடைத்தது ஒரு சிவப்புப் பூ. அது நாட்காட்டிகளில் ஏராளமாக இருக்கிறது.

நான் இவ்வளவு கோபப்பட வேறு காரணம் இருக்கிறது. போன மாதம் பழைய தகரப்பெட்டியை ஒழித்தபோது ஒரு படம் கையில் சிக்கியது. 1988இல் எடுத்தது. மாமாவின் கேமராவை இரவல் வாங்கியிருந்தேன், 36 படங்கள் கொண்ட ஒரே ஒரு சுருள். எங்கள் கொல்லையில் இடுப்புயரத் தேக்கங்கன்று ஒன்று நின்றது. அதன் இலையை மடித்துத் தைத்துத் தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. தையல் என்றால் நிஜமான தையல். அலகால் ஓரத்தில் துளையிட்டு, பஞ்சும் சிலந்திநூலும் கோத்து இழுத்திருக்கும். துளைக்கு வெளியே பஞ்சு பிரிந்து குட்டிக் குஞ்சம் போல நிற்பதால் இழை உருவிக்கொள்ளாது. உள்ளே மூன்று குஞ்சுகள்.

மேலே இருந்த ஓர் இலை வெளிச்சத்தை மறைத்தது. ஒடிக்கவில்லை, நான் இயற்கையை நேசிப்பவன் ஆயிற்றே! வாழைநாரால் வளைத்துப் பக்கத்துக் கிளையில் கட்டினேன். நான்கு படம் எடுத்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். போய்விட்டேன்.

காலையில் வேலியில் செம்போத்து உட்கார்ந்திருந்தது. கூட்டில் ஒன்றும் இல்லை. செம்போத்தைக் குறை சொல்ல முடியாது, அதற்கும் வயிறு இருக்கிறது. அந்த இலை மறைத்தது வெளிச்சத்தை மட்டும் என்று நினைத்தவன் நான். தாய்ப்பறவை வாயில் புழுவோடு வந்து வந்து அந்தக் கன்றைச் சுற்றியது. அன்றைக்கு மதியம் வரை அதன் குரல் கேட்டது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே, காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதையும் சேர்த்திருக்கிறது. துப்பாக்கியைக் கையால் தொடாத நான் அந்தக் கணக்கில் வேட்டைக்காரன். பல வருடம் கழித்து அதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பத்து நாள் கழித்து ஸ்டுடியோவிலிருந்து படங்கள் வந்தன. திறந்த மூன்று வாய்கள், உள்ளே ஆரஞ்சு நிறம். பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்றார்கள். மாமா சட்டம் போடச் சொன்னார். படத்தின் வலது ஓரத்தில் வாழைநார் முடிச்சு தெரிகிறது. அதை யாரும் கவனிக்கவில்லை.

உங்கள் படத்திலும் கீழே இடப்பக்கம் பாருங்கள். துணிக்கு வெளியே ஒரு புல்தாள் மிதிபட்டுக் கிடக்கிறது. அதன்மேல் சுருண்ட இலைநுனி ஒன்று இன்னும் விடாமல் பிடித்திருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை துணி இல்லாமல் அதே வேலிக்குப் போங்கள். கொடி சாய்ந்து கிடந்தால் ஒரு சுள்ளியை ஊன்றிவிட்டு, முடிந்தால் படமெடுங்கள். அதன் கிழங்கில் விஷம் உண்டு, தோண்டிப் பார்க்க வேண்டாம்.

லென்ஸ் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். 100 மி.மீ. போதும்.