தஷ்லிக்குக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ரொட்டி கொண்டுபோகலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் தங்கள் புத்தாண்டுக்கு எங்களை ஆற்றங்கரைக்கு அழைத்திருக்கிறது. பாவத்தைத் தண்ணீரில் விடும் சடங்காம். காலண்டரில் புத்தாண்டு 2026 செப்டம்பர் 12, சனிக்கிழமை. அவர்களோ ஞாயிறு பிற்பகல் வரச் சொல்கிறார்கள். முழுக்குப் போட வேண்டியிருக்குமா? மீனுக்கு ரொட்டி போட மகளுக்கு ஆசை. படம் எடுக்கலாமா?

பதில்: மாற்றுத்துணி வேண்டாம். தஷ்லிக்கில் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. முழுகி எழுவது மிக்வே என்கிற வேறு சடங்கு. இங்கே கரையில் நின்றபடி மீகா தீர்க்கதரிசியின் 7ஆம் அதிகாரத்துக் கடைசி வசனங்களைச் சொல்வார்கள். 'அவர்கள் பாவங்களையெல்லாம் கடலின் ஆழத்தில் எறிவாய்' என்று கடவுளை நோக்கிச் சொல்லும் வரி அதில் வருகிறது. 'தஷ்லிக்' என்ற சொல்லே அந்த 'எறிவாய்'தான். பிறகு சிலர் சட்டைப்பையை வெளியே இழுத்து உதறுவார்கள். அவ்வளவுதான் சடங்கு.

நாள் குழப்பத்துக்குக் காரணம் யூதர்களின் சனிக்கிழமை ஓய்வுநாள். ரோஷ் ஹஷானா என்கிற அந்தப் புத்தாண்டு இரண்டு நாள் பண்டிகை. தஷ்லிக் வழக்கமாக முதல் நாள் பிற்பகலில். அந்த நாள் சனிக்கிழமையாகிவிட்டால், பிரார்த்தனைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு நடப்பதே ஓய்வுநாள் விதியை மீறியதாகிவிடலாம். அதனால் பல சபைகள் மறுநாளுக்குத் தள்ளிவைக்கின்றன.

இனி ரொட்டி. பல குடும்பங்களில் பிள்ளைகள் ரொட்டித் துணுக்கு எறிவார்கள். அவர்களுக்கு அதுதான் திருவிழா. ஆனால் இந்தச் சடங்கை முதலில் குறிப்பிட்டவர்களில் ஒருவரான, 1427இல் மறைந்த ஜெர்மானிய ரபி (யூத மதகுரு) யாக்கோப் மோலின் அப்போதே இதைக் கண்டித்துவிட்டார். நாம் வளர்க்காத உயிருக்குப் பண்டிகை நாளில் தீனி போடக்கூடாது என்பது விதி. மீன் தேவைதான், ஆனால் பார்ப்பதற்கு. மூடாத அதன் கண் கடவுளின் கண்ணை நினைவூட்டும் என்பார்கள். என்னைக் கேட்டால் ரொட்டி வீட்டிலேயே இருக்கட்டும். வாத்துக்கும் அது நல்ல தீனியில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஏதாவது எறிந்தால், அவர்கள் கொடுப்பதை வாங்கி உங்கள் மகளும் எறியட்டும்.

கைபேசியை எடுக்காதீர்கள். விதிகளைக் கடைப்பிடிக்கும் குடும்பமென்றால் அன்று படம் எடுப்பது, எழுதுவது, கார் ஓட்டுவது எதுவும் கிடையாது. அவர்கள் நடந்தே வந்தால் நீங்களும் கூட நடங்கள். சில சபைகளில் இதெல்லாம் தளர்வு; பாட்டும் கூட்டமுமாக இருக்கும். எந்த வகை என்று முன்கூட்டியே கேட்டுவிடுவதில் தப்பில்லை. பரிசு கொடுக்க நினைத்தால் கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது) முத்திரையுள்ள தேன் பாட்டில், சீல் உடைக்காமல், வெள்ளிக்கிழமை மாலைக்குள். ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தின்பது அந்தப் பண்டிகையின் வழக்கம். வாழ்த்தாகச் சொல்லும் 'ஷானா தோவா' என்றால் நல்வருடம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. கடவுளுக்கு எதிரான குற்றம்தான் பிரார்த்தனையால் தீரும். மனிதருக்குச் செய்ததை அவரிடமே போய்ச் சரிசெய்ய வேண்டும் என்பது அவர்கள் மரபு. அதனால் யோம் கிப்பூர் என்கிற பாவமன்னிப்பு நாளுக்கு முன்பு, அதாவது செப்டம்பர் 20 மாலைக்குள், அந்தப் பக்கத்து வீட்டு அம்மா உங்கள் கதவைத் தட்டி, 'இந்த வருஷம் ஏதாவது மனசு நோக நடந்திருந்தால் மன்னியுங்கள்' என்று சொல்லக்கூடும். நம் பழக்கத்தில் 'ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க' என்று மழுப்பிவிடாதீர்கள். 'மன்னித்தேன்' என்று வாய் திறந்து சொல்லுங்கள். அதைக் கேட்கத்தான் வந்திருப்பார்.